துட்டி வீட்டுச் சிரிப்பு: 'ரத்தக்கண்ணீர்' முதல் 'மண்டேலா' வரை



வழக்கமா இங்க சுகர், பிரஷர், டெங்குன்னு எழுதுவேன். இன்னைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஓபி இல்லை. அதனால சினிமா. கொஞ்சம் நீளமான த்ரெட். டீ போட்டு வெச்சுக்கிட்டு வாங்க. கடைசியில எப்படியும் ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போவேன், அதுக்கும் தயாரா இருங்க.

வெளியூர்ல இருந்து திருநெல்வேலிக்கு வேலைக்கு வந்த டாக்டர் நண்பர் ஒருத்தர் முதல் வாரத்திலேயே என்கிட்ட கேட்டார்: "ஏன் சார், உங்க ஊர்ல எதுக்கெடுத்தாலும் 'சவம்'ங்கிறாங்க?"

பஸ் வரலைன்னா "சவம் இன்னும் வரல". பேனா எழுதலைன்னா "சவத்தத் தூரப் போடு". ஒருத்தர் மேல கோபம் தணிஞ்சா "சவம் போகட்டும், விடு".

பிணத்தைக் குறிக்கிற சொல்லை நாளைக்கு இருபது தடவை கூசாம சொல்ற ஊர் நம்ம ஊர். அவருக்கு அதிர்ச்சி. எனக்கு அன்னைக்குத்தான் அது காதிலேயே விழுந்தது.

வெளியூர்க்காரங்களுக்காக இன்னொரு சொல். தாமிரபரணிக் கரையில சாவு வீட்டுக்குத் 'துட்டி வீடு'ன்னு பேரு. துட்டி கேட்கப் போனா உள்ளே பெண்கள் அழுதுக்கிட்டு இருப்பாங்க. வெளியே பந்தலுக்குக் கீழ போனவரைப் பத்தின கதைகள் ஆரம்பிச்சிருக்கும். அவர் எவ்வளவு கஞ்சன், யாரையெல்லாம் ஏமாத்தினார், எந்தக் கல்யாண வீட்டில் பந்தியில சண்டை போட்டார்னு. கொஞ்ச நேரத்துல மொட்டை போட்ட மகனே சிரிச்சிருவான். சிரிச்சுட்டு அடுத்த நிமிஷம் அழுவான்.

அது அவமரியாதையா? இல்லை. போனவரை ஒருமுறை உயிரோட கொண்டு வந்து உட்கார வைக்கிற வழி அது.

சினிமாவில் இதுக்கு 'டார்க் காமெடி'ன்னு பேர். சாவு, நோய், கொலை, கடன் இதையெல்லாம் வெச்சுச் சிரிக்க வைக்கிற படம். இதுல பல படங்கள் வந்தப்போ ஓடாது. நாலஞ்சு வருஷம் கழிச்சு ஒரு கூட்டம் தலையில தூக்கி வெச்சுக்கும். அப்போ அது 'கல்ட்' படம்.

இந்தப் படங்களை ஒரு டாக்டரா திரும்பப் பார்க்கும்போது எனக்கு எப்பவும் ஒரே கேள்விதான். இதுல நாம யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

படங்களுக்கு முன்னாடி ஒரு நெல்லைக்காரர். புதுமைப்பித்தன். 1940-களிலேயே 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' எழுதி, கடவுளை மெட்ராஸ் தெருவில் அலையவிட்டு, காபி குடிக்க வெச்ச மனுஷன். 'மகாமசானம்'னு ஒரு கதை. மெட்ராஸ் நடைபாதையில் ஒரு பிச்சைக்காரர் செத்துக்கிட்டு இருப்பார். டிராமும் காரும் மனுஷங்களும் பாட்டுக்குப் போய்க்கிட்டு இருப்பாங்க. படிக்கும்போது உதட்டில ஒரு கசந்த சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு சாகிற ஆளைப் பார்த்து வர்றது இல்லை, கடந்து போற நம்மைப் பார்த்து வர்றது. அவரும் சினிமாவுக்கு எழுதப் போனவர்தான். காசநோய் முத்தி 1948-ல் திருவனந்தபுரத்தில் இறந்தார். வயசு 42. காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிச்சு அப்போ அஞ்சு வருஷம்கூட ஆகலை. நம்ம ஊர் ஏழைக்கு அது எட்டுற காலமும் இல்லை.

இப்போ படங்களுக்கு வர்றேன்.

1954. 'ரத்தக்கண்ணீர்'. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம், திருவாரூர் கே. தங்கராசு எழுத்து. பல வருஷம் மேடையில ஓடின நாடகம்தான் படமாச்சு. எம்.ஆர். ராதா வெளிநாட்டில் படிச்சுட்டு வந்த பணக்காரர் மோகனசுந்தரம். கட்டின மனைவியை விட்டுட்டுத் தாசி வீட்டில் கிடப்பார். சொத்தெல்லாம் போகும். கடைசியில தொழுநோய் வரும். அந்த நோயோட தெருவுக்கு வந்ததுக்கு அப்புறம்தான் படத்தோட நிஜமான நகைச்சுவையே தொடங்கும்.

தமிழ் சினிமாவோட முதல் பெரிய டார்க் காமெடி இதுதான்னு நான் சொல்வேன். உடம்பு அழுகிக்கிட்டு இருக்கிற ஒரு ஆள், தன்னையும் ஊரையும் சாமியையும் பணத்தையும் ஒரே குரல்ல கிழிக்கிறார். தியேட்டரே சிரிக்குது. ராதாவைத் தவிர வேற யாராலயும் அதைச் செஞ்சிருக்க முடியாது.

இது எப்படிக் கல்ட் ஆச்சு தெரியுமா? ஒலிபெருக்கியால. நான் சின்னப் பையனா இருந்தப்போ எங்க பக்கத்துக் கோயில் கொடையில, வில்லுப்பாட்டு முடிஞ்ச இடைவெளியில ரத்தக்கண்ணீர் ஒலிச்சித்திரம் ஓடும். சாமியைக் கிண்டல் பண்ற வசனம், சாமி கோயில் கொடையிலயே! யாருக்கும் கோபம் வரலை. படம் பார்க்காத ஆச்சிகளுக்குக்கூட வசனம் மனப்பாடம்.

இனி டாக்டர் பேசணும்.

தொழுநோய் ஒழுக்கக் கேட்டால் வர்றது இல்லை. பாலுறவு மூலமா பரவுற நோயும் இல்லை. மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்கிற கிருமியால வருது. நார்வே டாக்டர் ஹான்சன் அதை 1873-லயே கண்டுபிடிச்சுட்டார். அதாவது படம் வர்றதுக்கு 81 வருஷம் முன்னாடி. சிகிச்சை எடுக்காத நோயாளியோட ரொம்ப நாள் நெருங்கி வாழ்ந்தா மூச்சுக்காற்றுத் துளிகள் மூலமா பரவலாம். நம்மில் பெரும்பாலானவங்களுக்கு இயற்கையாவே அதைத் தடுக்கிற சக்தி இருக்கு.

1940-களில் சல்போன் மருந்து வந்துடுச்சு. செங்கல்பட்டு பக்கம் திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அதைப் பயன்படுத்திக்கிட்டு இருந்தார். ஆக, திரையில் மோகனசுந்தரம் பாவத்துக்குத் தண்டனையா நோயை அனுபவிச்சுக்கிட்டு இருந்த அதே வருஷம், அதே மாநிலத்தில் அந்த நோய்க்கு மருந்து கொடுத்துக்கிட்டு இருந்தாங்க.

'இது பழைய கதை டாக்டர், இப்போ யாரு அதையெல்லாம் நம்புறா'ன்னு கேட்பீங்க.

சில வருஷம் முன்னாடி ஓபிக்கு ஒருத்தர் வந்தார். அம்பது வயசு தாண்டின விவசாயி. (அடையாளம் தெரியாதபடி மாத்திதான் எழுதுறேன்.) முழங்கையில் வெளுத்த ஒரு படை. அங்கே பஞ்சால தொட்டா தெரியலை. சுண்டு விரல் மடங்கத் தொடங்கியிருந்தது. எத்தனை நாளா இருக்குன்னு கேட்டேன். மூணு வருஷம்னார். ஏன் வரலைன்னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். அப்புறம் மெதுவா சொன்னார்: "நான் அந்த மாதிரி தப்புத்தண்டாவுக்கெல்லாம் போனதில்ல சார்."

நான் அதைக் கேட்கவே இல்லை. அவரா சொன்னார். நோய் என்னன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது. ஊர் என்ன நினைக்கும்னும் தெரிஞ்சிருந்தது. அந்த பயத்தில் மூணு வருஷம் முழுக்கைச் சட்டை போட்டே மறைச்சிருக்கார்.

அந்த பயத்தை ஒரு படம் மட்டும் உண்டாக்கலை. ஆயிரம் வருஷப் பயம் அது. ஆனா அதைச் சிரிப்போட சேர்த்து ஒலிபெருக்கியில் ஊர் ஊரா கொண்டு போனதுல ரத்தக்கண்ணீருக்கும் பங்கு உண்டு. எம்.ஆர். ராதாவை இன்னைக்கும் ரசிக்கிறேன். ஆனா முன்ன மாதிரி முழுசா சிரிக்க முடியலை.

இன்னொரு தகவல் சொன்னா நம்ப மாட்டீங்க. 'துணைக்குத் தொழுநோய்' என்கிறது நம்ம திருமணச் சட்டங்கள்ல விவாகரத்துக்கான காரணமா 2019 வரைக்கும் இருந்தது. அந்த வருஷம்தான் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி நீக்கிச்சு.

சரி, அடுத்த கட்டம். நோயில் இருந்து பிணத்துக்கு.

1983-ல் இந்தியில் குந்தன் ஷா 'ஜானே பீ தோ யாரோ' எடுத்தார். ஊழல் கமிஷனர் ஒருத்தரோட பிணத்தை ரெண்டு ஏழைப் புகைப்படக்காரங்க தூக்கிட்டு ஓடுவாங்க. கடைசியில மகாபாரத நாடக மேடைக்கே பிணம் வந்துடும். வயிறு வலிக்கச் சிரிப்போம். ஆனா முடிவுல தண்டனை அந்த ரெண்டு அப்பாவிகளுக்குத்தான். சிரிச்சுக்கிட்டு இருந்த வாய் அப்படியே நிக்கும். இந்தியாவோட எல்லா டார்க் காமெடிக்கும் இது பெரியண்ணன்.

1987-ல் சிங்கீதம் சீனிவாசராவ், கமல். 'பேசும் படம்'. ஒரு வசனம் கிடையாது. வேலையில்லாத பட்டதாரி, குடிச்சு விழுந்து கிடந்த பணக்காரரைத் தன் அறையில் கட்டிப் போட்டுட்டு, அவர் ஹோட்டல் அறையில் போய்ச் சொகுசா வாழ்வான். கொலைகாரன் பனிக்கட்டியில் செஞ்ச கத்தியோட அலைவான். குத்தினா உருகிடும், தடயம் இருக்காது! அதுல ஒரு பிச்சைக்காரர் தெருவில் இறந்து போற காட்சி வரும். அவர் சேர்த்து வெச்ச பணத்துக்குக் கூட்டம் அடிச்சுக்கும். பிணம் கேட்பாரில்லாம கிடக்கும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 'மகாமசானம்' ஞாபகம் வரும். நாற்பது வருஷ இடைவெளி, வேற ஊர், அதே நடைபாதை.

1994-ல் அதே சிங்கீதம் இயக்கத்தில் 'மகளிர் மட்டும்'. அலுவலகத்தில் பெண்களைத் தொல்லை பண்ற மேனேஜர் நாசர். அவருக்கு விஷம் கொடுத்துட்டோமோன்னு பயந்து ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூணு பேரும் ஆஸ்பத்திரியில் இருந்து ஆள் மாறி ஒரு பிணத்தைக் கிளப்பிட்டுப் போவாங்க. பிணம் யாருன்னா நாகேஷ். உயிரோட நடிச்சுச் சிரிக்க வைக்கிறது ஒரு திறமை. பிணமா கிடந்து சிரிக்க வைக்கிறது நாகேஷ் மட்டும்தான்.

இடையில ஒரு தடயவியல் குறிப்பு: நம்ம ஊர் வெயிலுக்கு இறந்து ரெண்டு மூணு மணி நேரத்திலேயே உடம்பு விறைக்கத் தொடங்கிடும். நாகேஷ் மாதிரி வளைஞ்சு கொடுக்காது. படத்துக்காக மன்னிச்சுடலாம்.

முக்கியம் என்னன்னா, அந்தச் சிரிப்பு யார் மேல விழுது? பெண்கள் மேல இல்லை, பிணத்து மேலயும் இல்லை. கையை நீட்டுற அதிகாரி மேல. வேலையிடத் துன்புறுத்தலுக்கு உச்ச நீதிமன்றம் விசாகா வழிகாட்டுதல்கள் கொடுத்ததே 1997-லதான். படம் அதுக்கு மூணு வருஷம் முன்னாடி.

2002-ல் கே.எஸ். ரவிக்குமார், கிரேஸி மோகன், கமல். 'பஞ்சதந்திரம்'. பெங்களூரு ஹோட்டல் அறையில் ஒரு பெண்ணோட உடல், அதை மறைக்க அஞ்சு நண்பர்கள் படுற பாடு. தொலைக்காட்சியில் எத்தனை தடவை போட்டாலும் வீடே உட்கார்ந்து பார்க்கும். எனக்கும் பிடிக்கும். ஆனா ஒண்ணு கவனிச்சிருக்கீங்களா? அந்த உடலுக்காக ஒருத்தர்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டாங்க. பாலியல் தொழிலாளிதானே என்கிற எண்ணம் அந்தச் சிரிப்புக்கு அடியில இருக்கு. துட்டி வீட்டுச் சிரிப்புக்கும் இதுக்கும் வித்தியாசம் இங்கதான். நம்ம பந்தலில் சிரிக்கிறவன் அழவும் செய்வான்.

அடுத்து என் தலைமுறையோட காலம். 2011 முதல் 2013 வரை.

2011-ல் தியாகராஜன் குமாரராஜாவோட 'ஆரண்ய காண்டம்'. தணிக்கையில் 52 வெட்டு கேட்டாங்க. போராடித்தான் வெளியே வந்தது. தியேட்டரில் ஓடலை. சிறந்த அறிமுக இயக்குநர், சிறந்த படத்தொகுப்புன்னு ரெண்டு தேசிய விருது வாங்கிச்சு. நாங்க பார்த்தது ஹாஸ்டல்ல, ஒரு லேப்டாப்பைச் சுத்திப் பதினஞ்சு பேர். நைட் டூட்டி முடிச்சு வந்தவன் தூங்காம உட்கார்ந்து பார்த்தான். கோயில் கொடை ஒலிபெருக்கியோட வேலையை அந்த லேப்டாப் செஞ்சது.

2012-ல் பாலாஜி தரணீதரனோட 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்'. கல்யாணத்துக்கு முன்னாடி கிரிக்கெட் ஆடும்போது தலையில் அடிபட்டு மாப்பிள்ளைக்குச் சமீபத்து நினைவெல்லாம் போயிடும். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வார். நண்பர்கள் அதை மறைச்சு மணமேடை வரைக்கும் கொண்டு போவாங்க. இது ஒளிப்பதிவாளர் பிரேம்குமாருக்கு நிஜமாவே நடந்தது. பின்னாடி '96' எடுத்தாரே, அவரேதான்.

அந்தப் படத்தால தமிழ்நாட்டுக்கே 'மெடுல்லா ஆப்லங்கேட்டா' என்கிற பேர் தெரிஞ்சுபோச்சு. ஆனா மெடுல்லா பார்க்கிற வேலை மூச்சும் இதயத் துடிப்பும். அங்க பலமா அடிபட்டா ஞாபகம் போறதுக்கு முன்னாடி ஆளே போயிடுவார். புது நினைவுகளைப் பதியவைக்கிறதுல முக்கியமானது ஹிப்போகாம்பஸ், பக்கவாட்டு மூளைக்குள்ள இருக்கு.

இதை மட்டும் சிரிக்காம கேளுங்க. தலையில் அடிபட்டவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாலோ, வாந்தி எடுத்தாலோ, தூங்கித் தூங்கி விழுந்தாலோ, 'படத்துல சரியாயிடுச்சே'ன்னு வீட்டில் வெச்சுக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாங்க.

2013-ல் நலன் குமாரசாமியோட 'சூது கவ்வும்'. கண்ணுக்குத் தெரியாத காதலியோட பேசுற கடத்தல்காரன் தாஸ். தமிழ் சினிமாவில் மனநோய்னாலே 'லூசு' காமெடிதான். இங்க அப்படி இல்லை. கூட இருக்கிறவங்க முதல்ல முழிப்பாங்க, அப்புறம் அவன் அப்படித்தான்னு ஏத்துப்பாங்க. படம் சிரிக்கிறது நேர்மையான அமைச்சர் தோத்துப் போற அரசியலைப் பார்த்து. மருத்துவமனையில் மனநல ஓபிக்கு முன்னாடி முகத்தைத் துண்டால மறைச்சுக்கிட்டு நிக்கிறவங்களைத் தினமும் பார்க்கிற எனக்கு, அந்த ஏத்துக்கிறது பெரிய விஷயம்.

அதே படத்தில் நயன்தாராவுக்குக் கோயில் கட்டின ஒரு ஆள் வருவார். அஞ்சு வருஷம் கழிச்சு, 2018-ல் நயன்தாராவே டார்க் காமெடியோட நாயகி ஆனார். நெல்சனோட 'கோலமாவு கோகிலா'. அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய், சிகிச்சைக்குக் காசில்லை, பொண்ணு போதைப்பொருள் கடத்துறா. நாம விழுந்து விழுந்து சிரிக்கிறோம். ஆனா கதையைத் தள்ளிக்கிட்டுப் போறது ஒரு ஆஸ்பத்திரி பில். தாலிக்கொடியை அடகு வெச்சுட்டு வர்ற குடும்பங்களை நான் பார்த்திருக்கேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் உண்டு. வட்டிக்கு வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை அரசு மருத்துவமனையில் வந்து விசாரிங்க.

2019-ல் மதுமிதாவோட 'கே.டி. என்கிற கருப்புதுரை'. இந்த த்ரெட்டையே இதுக்காகத்தான் எழுத ஆரம்பிச்சேன்.

தென்மாவட்டத்து எண்பது வயசுப் பெரியவர். கோமாவில் கிடக்கார். பிள்ளைகள் கூடித் 'தலைக்கூத்தல்' செஞ்சு அனுப்பி வைக்கலாம்னு முடிவு பண்றாங்க. அந்த நேரம் பெரியவர் கண் முழிச்சுடுறார். தன்னைக் கொல்லப் போற பேச்சைத் தன் காதாலேயே கேட்டுட்டு வீட்டை விட்டு ஓடிடுறார். அப்புறம் ஒரு கோயிலில் வளர்ற குட்டிப் பையனோட சேர்ந்து ஊர் சுத்துறதும், பிரியாணி தேடித் தின்கிறதும்தான் படம். பெரியவரா மு. ராமசாமி. பையனா நடிச்ச நாகவிஷாலுக்குத் தேசிய விருது கிடைச்சது.

இதே விஷயத்தைச் சிரிப்பே இல்லாம எடுத்த படம் பிரியா கிருஷ்ணசுவாமியோட 'பாரம்'. அதுவும் தேசிய விருது வாங்கினதுதான். ரெண்டையும் எடுத்தது பெண்கள்.

தலைக்கூத்தலோட செய்முறையை இங்க எழுதமாட்டேன். தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். ஒண்ணு மட்டும் சொல்றேன். அது கருணைக்கொலை இல்லை, கொலை. 2018-ல் உச்ச நீதிமன்றம் அனுமதிச்சது வேற. மீளவே முடியாத நிலையில் இருக்கிற நோயாளிக்கு, கடுமையான நிபந்தனைகளோட, செயற்கை உயிர்காப்புக் கருவிகளை விலக்கிக்கிறது. பாட்டியைக் குளிப்பாட்டி முடிச்சு வைக்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

அந்தக் குடும்பங்கள் எல்லாம் அரக்கர்களும் இல்லை. படுக்கைப் புண்ணோட கிடக்கிற அப்பாவை விட்டுட்டுக் கூலிக்குப் போக முடியாத மகனை எனக்குத் தெரியும். அவனுக்குத் தேவை போதனை இல்லை, ஒரு நர்ஸ். 2021-ல் தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு வீட்டுக்கே வந்து வலித்தணிப்புச் சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் தர்றாங்க. உங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேரைப் பதிஞ்சு வைங்க.

கே.டி. நம்மைச் சிரிக்க வைக்கிறது அந்தப் பெரியவரைப் பார்த்து இல்லை. அவரோட சேர்ந்து. தலைக்கூத்தலைக் கண்டிச்சுப் பேசுற எத்தனையோ கூட்டத்துல உட்கார்ந்திருக்கேன். 'ஐயோ, எங்க தாத்தாவும் பிரியாணி கேட்டாரே'ன்னு யாரையும் அது யோசிக்க வெச்சதில்லை. இந்தப் படம் வைக்குது.

கடைசியா 2021. மடோன் அஸ்வினோட 'மண்டேலா'. ரெண்டு சாதிக்குச் சரிசமமா ஓட்டு இருக்கிற ஊர். யாரும் மனுஷனா மதிக்காத முடிதிருத்துபவரோட ஒத்தை ஓட்டுதான் தலைவரைத் தீர்மானிக்கும். யோகி பாபு. அதுவரை பல படங்களில் அவர் உருவத்தைக் கேலி பண்ணிச் சிரிச்ச நாம, இதில் கேலி பண்றவங்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். தியேட்டருக்குக்கூட வரலை, நேரா தொலைக்காட்சியிலும் ஓடிடியிலும் வந்தது. ரெண்டு தேசிய விருது.

1954-ல் நோயாளியைப் பார்த்துச் சிரிச்சோம். 2021-ல் அவனை ஒதுக்கி வெச்ச ஊரைப் பார்த்துச் சிரிக்கிறோம். நடுவில எவ்வளவோ சறுக்கல் உண்டு, இனியும் வரும். ஆனா புதுமைப்பித்தன் மெட்ராஸ் நடைபாதையில் காட்டின இடத்துக்கு நம்ம சினிமாவும் மெதுவா வந்து சேர்ந்திருக்கு.

இனி ஆஸ்பத்திரி. சொன்னேனே.

உடம்பில் வெளுத்த அல்லது சிவந்த படை, அதில் தொட்டாலோ சுட்டாலோ உணர்ச்சி இல்லைன்னா, மறைக்காதீங்க. அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசம். நோயோட வகையைப் பொறுத்து 6 மாசம் அல்லது 12 மாசம். சீக்கிரம் வந்தா கை கால் ஊனம் இல்லாம முழுசா குணமாயிடும். மருந்து தொடங்கின கொஞ்ச நாளிலேயே மத்தவங்களுக்குப் பரவுறதும் நின்னுடும். யாரையும் வீட்டில் தனியா ஒதுக்க வேண்டாம்.

அந்த விவசாயி? ஒழுங்கா 12 மாசம் மருந்து சாப்பிட்டார். படை மங்கிடுச்சு. மடங்கின சுண்டு விரல் மட்டும் முழுசா நிமிரலை. மூணு வருஷம் தாமதிச்சதோட விலை அது. கடைசி மாத்திரை அட்டை காலியான அன்னைக்கு அதை என் மேஜை மேல வெச்சுட்டுச் சொன்னார்:

"சவம் ஒரு வழியா முடிஞ்சுது சார்."

ரெண்டு பேரும் சத்தமா சிரிச்சுட்டோம். வெளியே வரிசையில நின்னவங்க எட்டிப் பார்த்தாங்க. அன்னைக்கு அவர் போட்டிருந்தது அரைக்கைச் சட்டை.

உங்க ஊர்த் துட்டி வீட்டில் கேட்ட சிரிப்புக் கதை ஏதாவது இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க. படிக்கக் காத்திருக்கேன்.